ஏரியில் இறங்கிய விமானம்

ஞானசௌந்தரி மேற்குத் தாம்பரத்தில் பல் டாக்டர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எண்பத்தாறில், அப்பா விட்டுப்போன தோப்பை விற்று, இரண்டு பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்றை வாங்கினாள். சர்ச்சில் ஒரு மாதத்துக்கு வேறு பேச்சே இல்லை. "அதுக்கு ஒரு வீடு வாங்கியிருந்தா வாடகையாவது வரும்" என்றார்கள். அவள் சிரித்துக்கொண்டாள். சனிக்கிழமைகளில் கிளினிக்கைப் பூட்டிவிட்டு தான் பறக்கக் கற்ற மீனம்பாக்கம் ஃப்ளையிங் கிளப்புக்குப் போய், விமானத்தை எடுத்துக்கொண்டு கோவளம் வரை பறந்து திரும்புவாள்.

முதலில் பக்கத்து இருக்கையில் உறவுக்காரர்களையும் சிநேகிதிகளையும் ஏற்றிக்கொண்டு போனாள். எல்லோரும் மேலே போனதும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம், என்ன விலை. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், பிறகு தனியாகவே பறந்தாள்.

அடுத்த வருஷம் மே மாதம், கோவளத்திலிருந்து திரும்பும்போது இன்ஜின் இருமியது. இன்னொரு முறை இருமிவிட்டு நின்றே போனது. கீழே மாடம்பாக்கம் ஏரி, கோடையில் பாளம் பாளமாகக் காய்ந்து கிடந்தது. "கர்த்தரே" என்ற ஒரு சொல்லைத் தவிர அவள் வாயில் வேறு எதுவும் வரவில்லை. விமானம் மிதந்து இறங்கி, துள்ளி, குலுங்கி, ஏரியின் நடுவில் நின்றது.

கருவேல மரத்தடியில் எருமை மேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, அவசரப்படாமல் நடந்து வந்தாள். பக்கத்திலிருக்கும் அகரம்தென் ஊரைச் சேர்ந்தவள், பெயர் பொன்னியம்மாள்.

"அடி கிடி பட்டுச்சா?"

"இல்லக்கா."

"கூழு கீது. குடிக்கிறியா?"

தூக்குச்சட்டியில் இருந்த கூழை ஞானசௌந்தரி மிச்சம் வைக்காமல் குடித்தாள். பொன்னியம்மாள் வழிகாட்ட, பக்கத்து ரைஸ் மில்லுக்குப் போய் ஃப்ளையிங் கிளப்புக்கு போன் செய்தாள். இன்ஜினியர் தோத்தாத்ரி ஜீப்பில் கிளம்புவதாகச் சொன்னார். அவர் வரும்வரை இரண்டு பெண்களும் இறக்கையின் நிழலில் படுத்துக்கொண்டார்கள். ஓர் எருமை வந்து இறக்கையின் ஓரத்தை நக்கிப் பார்த்தது. அதை விரட்டிவிட்டு, பொன்னியம்மாள் அந்த இடத்தைத் தடவினாள்.

"இன்னாம்மா இது, துணியா?"

"துணிதான். மேல ஒரு பூச்சு அடிச்சிருக்காங்க."

"துணிய வச்சிக்கினா வானத்துல சுத்திக்கினு வர?" என்றவள் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. வெயில் கண்ணை அழுத்தியது. அரைத்தூக்கத்தில் ஞானசௌந்தரிக்கு ஏரி நிறைந்துவிட்டது. விமானம் ஓடம்போல அசைந்தது. கண் விழித்தபோது ஜீப்பின் புழுதி தெரிந்தது.

பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தது. தோத்தாத்ரி அதை வடித்து, இன்ஜினை ஓட்டிப் பார்த்து, தரையையும் நடந்து பார்த்தார். "கிளம்புங்கோ டாக்டர். நான் பின்னாடியே ஜீப்ல வந்துடறேன்."

"அந்த எடம் காலியாத்தான கீது?" என்றாள் பொன்னியம்மாள், பக்கத்து இருக்கையைக் காட்டி. "நானும் வரட்டா?"

"அதெல்லாம் கூடாதும்மா" என்றார் தோத்தாத்ரி.

ஞானசௌந்தரி பொன்னியம்மாளைப் பார்த்தாள். "எருமையெல்லாம் என்ன செய்யும்க்கா?"

"அதுங்களுக்கு வூட்டுக்கு வழி தெரியும்."

தோத்தாத்ரி பெருமூச்சு விட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

மண்ணைவிட்டு எழும்பியபோது பொன்னியம்மாள் கத்தவில்லை, இருக்கையைக்கூடப் பிடித்துக்கொள்ளவில்லை. கன்னத்தைக் கண்ணாடியில் வைத்துக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் எது, கோயில் எது என்று கேட்கவும் இல்லை. பள்ளிக்கரணைச் சதுப்பின்மேல் வந்தபோதுதான் ஞானசௌந்தரியின் தோளைத் தொட்டு, காதருகே கத்தினாள்.

"இந்த சத்தத்த கொஞ்சம் நிறுத்தேன்!"

இத்தனை நாளில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஞானசௌந்தரி இன்ஜினை மெல்லத் தணித்தாள். விமானத்தின் மூக்கு லேசாகத் தாழ்ந்தது. இறக்கையை உரசும் காற்று மட்டும் சன்னமாகக் கேட்டது. கீழே சாய்ந்த வெயிலில் தண்ணீர் தகடு தகடாகக் கிடக்க, அதன்மேல் வெள்ளைப் பறவைகள், யாரோ பொரியை வாரி இறைத்ததுபோல, ஒரு பக்கமாக நகர்ந்தன.

"ஊரே தூங்கிக்கினு கீற மாதிரி கீது" என்றாள் பொன்னியம்மாள், மிக மெதுவாக. எழுந்துவிடப் போகிறதோ என்று பயந்தவள்போல.

தான் எதற்காக இந்த விமானத்தை வாங்கினோம் என்று யாரிடமும் ஞானசௌந்தரியால் சொல்ல முடிந்ததில்லை. இப்போது சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

மீனம்பாக்கத்தில் இறங்கியதும், பொன்னியம்மாளைத் தன் பழைய ஃபியட்டில் ஏற்றிக்கொண்டாள். பல்லாவரம் வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். தலை சரிந்து ஞானசௌந்தரியின் தோளில் வந்து நின்றது. வைக்கோலும் எருமையும் கலந்த வாசனை வந்தது. எழுப்ப மனம் வரவில்லை. தாம்பரத்தில் அகரம்தென்னுக்குத் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி, காரை மெதுவாக நேரே விட்டாள்.

வண்டலூருக்குப் பக்கத்தில் பொன்னியம்மாள் பாதிக் கண்ணைத் திறந்தாள்.

"இன்னும் மேலதான் கீறோமா?"

"ஆமாக்கா" என்றாள் ஞானசௌந்தரி.