பொறுக்கியெடுத்த சாம்பிள்

கூட்டேரிப்பட்டுத் தாண்டவராயன் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை கொண்டுபோனால், நல்ல திரட்சியான கடலைக் காய்களாகப் பார்த்துச் சாக்கின் வாயில் பரப்பி வைப்பார். வியாபாரி மேலாக ஒரு கை அள்ளி உடைத்துப் பார்த்து விலை சொல்வார். ஊரில் தாண்டவராயனுக்குக் கெட்டிக்காரர் என்று பேர். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வியாதியிலும் காட்டுவார் என்று யார் கண்டது!

பெருங்குடல் புண்ணாகி ஆறாமலே போய், கடைசியில் அதையே எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் நுனியை மடித்துத் தைத்து உள்ளேயே ஒரு பை செய்து வைத்தார்கள். தையல் ஆறுகிறவரை வயிற்றில் துளை போட்டு, வெளியே ஒரு பிளாஸ்டிக் பை. அதைக் கழுவி மாட்டியதெல்லாம் பெண்டாட்டி பாஞ்சாலிதான். வெளிப்பையை எடுத்த கையோடு மனுசன் மயிலம் முருகனுக்கு மொட்டை போட்டுவிட்டு வந்தார்.

இப்போது உள்ளே இருக்கிற பை வீங்கிக்கொண்டு அடங்குவேனா என்கிறது. மாத்திரை போட்டால் தணியும். நிறுத்தினால் கக்கூஸே கதி.

விழுப்புரம் டாக்டர் கலைப்பிரியா சொன்னார்: "மாத்திரைய நிறுத்துங்க. கொஞ்ச நாள் கழிச்சு மலம் கொண்டாந்து குடுங்க, வீக்கம் இருக்கான்னு அதுல தெரியும். இருந்தா டியூப் விட்டுப் பார்த்து, சதை கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பி, எதனாலன்னு கண்டுபிடிக்கணும். இப்படியே விட்டா உள்ள இருக்கிற பை கெட்டுப்போயி, மறுபடி வெளிய பை வைக்கிற மாதிரி ஆயிடும்."

தாண்டவராயன் காதில் விழுந்தது கடைசி வார்த்தை மட்டும்தான். சாவுக்குக்கூட அவர் அவ்வளவு பயப்படவில்லை, அந்தப் பைக்குப் பயந்தார். வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த மாத்திரைகளைப் பாஞ்சாலிக்குத் தெரியாமல் விழுங்கினார். மோர்சோறு தவிர எதையும் தொடவில்லை. வயிறு அடங்கிக் கிடந்த ஒரு காலையில், உள்ளதில் கெட்டியானதாகப் பார்த்து டப்பாவில் எடுத்து, மஞ்சப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

"இன்னா பெரிசு, அல்வாவா?" என்றான் பக்கத்து சீட்டுக்காரன்.

"விதை மல்லாட்டை" என்றார் கூசாமல்.

ரிசல்ட் வருவதற்குள் மாத்திரை தீர்ந்து, வயிறு பழையபடி ஆட்டம் போட்டது. அவர் மூச்சு விடவில்லை. புருசனும் பெண்டாட்டியும் போய் உட்கார்ந்தபோது டாக்டருக்கே ஆச்சரியம்.

"வீக்கமே காணோமே! அப்ப டியூப் டெஸ்ட் வேணாம்."

தாண்டவராயனுக்கு முகமெல்லாம் பல். பாஞ்சாலி அந்தப் பல்லையே பார்த்தாள். வராந்தாவுக்கு வந்ததும் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்யா. வியாபாரி சாக்கு மேல அள்ளுறப்போ சிரிக்கிற சிரிப்பு. நீ இன்னா பண்ண?"

"ஒண்ணுமில்ல. ஜல்தி வா, பஸ்ஸு பூடும்."

"நேத்து ராத்திரி கக்கூஸுக்கு நடந்துகினே இருந்தது யாரு, உங்க சித்தப்பாவா?"

மாட்டிக்கொண்டார். "மாத்திரை போட்டுக்கினேன். நல்லதா பார்த்து எடுத்தேன்" என்றார் தரையைப் பார்த்து.

பாஞ்சாலி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "அடப்பாவி மனுசா! பீயிலகூட பொறுக்கித்தான் குடுப்பியா? டாக்டரம்மா இன்னா விலைக்கா கேட்டாங்க?"

மருந்து வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சிரிக்காதடி" என்றார். "அந்தப் பை இருந்தப்ப, கழுவிட்டு வந்து தட்டு முன்னால குந்துவ. பிசைஞ்சு பிசைஞ்சு வச்சிட்டு எழுந்து பூடுவ. நான் பார்த்துகினுதான் இருந்தேன். மறுபடியும் உன்னைப் பட்டினி போட என்னால முடியாது."

பாஞ்சாலியின் சிரிப்பு நின்றது.

"நாத்தத்துக்கா துன்னாம இருந்தேன்? நீ பொழைப்பியோ மாட்டியோன்னு பயந்துகினு கெடந்தேன்யா. சோறு எறங்கல. பை வந்தா கழுவிட்டுப் போறேன், அது ஒரு வேலையா எனக்கு? நீ பூட்டன்னா எதைக் கழுவுறது?"

தாண்டவராயன் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். பிறகு திரும்பிப் போய் டாக்டர் அறைக் கதவைத் தட்டினார்.

"அந்த ரிசல்ட்டைக் கிழிச்சுப் போடுங்கம்மா" என்றார். "டியூபையே விட்டுப் பாருங்க."