நாற்பது அட்டைகளும் ஒரு மூடியும்

ஆர்டிஸ் ட்வெய்ட்டின் சாப்பாட்டு மேசையில் அன்று பிற்பகல் நாற்பது அட்டைகள் வரிசை பிசகாமல் கிடந்தன. அவளுடைய தோழி லோர்னா, அறுபத்தொன்றாம் வயதில், பனி அள்ளும் வண்டி ஓட்டுகிற வால்ட்டை மணக்கவிருந்தாள். திருமணத்துக்கு மூன்று வாரமே இருந்தது. நான்கு மணிக்கு வரும் தபால் வண்டியில் அழைப்புகள் போயாக வேண்டும். போகும் என்று வாக்குக் கொடுத்தவள் ஆர்டிஸ்.

ஒவ்வோர் அட்டையிலும் காலையிலேயே தன் கையால் ரப்பர் முத்திரைப் படம் பதித்திருந்தாள்: பனி மூடிய முற்றம், வேலி, கொடியில் தொங்கும் கம்பளிக் கையுறைகள். யாவும் கறுப்பு வெள்ளையாக நிற்க, நடுவிலுள்ள ஒரே ஒரு ஜோடிக்கு மட்டும் சிவப்பு. லோர்னா உறைகளில் முகவரி எழுத, இன்னொரு தோழியான மார்லிஸ் கதை பேசியபடியே மார்க்கரால் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

பதினோராவது அட்டையில் ஆர்டிஸின் கண் விழுந்தது. கையுறையின் கறுப்பு ஓரம் கரைந்து, சிவப்போடு கலந்து, அழுக்காக வழிந்திருந்தது. முந்தைய பத்தும் அப்படியே.

“என்ன மார்லிஸ் இது? கஞ்சி கிண்டுற மாதிரி அழுத்துனா இப்படித்தான் ஆகும்.”

“நான் அழுத்தவே இல்லடி. மைதான் ஓடுது.”

“என் மை ஓடாது.”

“ஆமா, உன் வீட்டுல மைகூட உன்னைக் கேட்டுத்தான் நகரும்!”

லோர்னா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டே கால். “சண்டையை அப்புறம் வெச்சுக்குங்க. எனக்குக் கல்யாணம் நடக்குமா, நடக்காதா?”

ஆர்டிஸ் மார்க்கரைப் பிடுங்காத குறையாக வாங்கி, பன்னிரண்டாவது அட்டையைத் தானே தீட்டினாள். பட்டும் படாமலும்தான் தொட்டாள். ஓரம் கரைந்தது.

எழுந்து அலமாரிக்குப் போனாள். அவளிடம் கறுப்பு மைப்பெட்டிகள் இரண்டு இருந்தன. ஒன்று தண்ணீருக்குக் கரையும், மார்க்கருக்குக் கரையாது; மற்றது ஸ்பிரிட்டில் கலந்த மை, தண்ணீரைத் தாங்கும், மார்க்கரின் ஸ்பிரிட்டைத் தாங்காது. பெட்டிகள் ஒரே மாதிரி. பெயர் மூடியில் மட்டுமே. காலையில் பயன்படுத்திய பெட்டியை முகர்ந்தாள். ஸ்பிரிட் வாடை குப்பென்று அடித்தது. சனிக்கிழமை மூடிகளைச் சோப்பு போட்டுக் கழுவிக் காயவைத்தவள் அவளேதான்.

இடம் மாறிய மூடிகளை இப்போது சரியாகப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் மேசையருகே மார்லிஸ் ஒன்றும் பேசாமல், தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மார்லிஸ் பேசாமல் இருந்து ஆர்டிஸ் கண்டதில்லை.

“மார்லிஸ்.”

“என்ன, இன்னும் திட்டு பாக்கியா?”

“தப்பு உன்னுது இல்ல. மூடியை நான்தான் மாத்திப் போட்டுட்டேன்.”

மார்லிஸ் நிமிர்ந்தாள். “லோர்னா, கேட்டியா? நீதான்டி சாட்சி!”

“சாட்சி இருக்கட்டும், மிச்சம் இருபத்தெட்டு இருக்கு. வேற வெள்ளை அட்டையும் இல்ல,” என்றாள் லோர்னா.

மார்லிஸ் தன் பையிலிருந்து வண்ணப் பென்சில் டப்பாவை எடுத்தாள். பள்ளிப் பிள்ளைகளின் சமாசாரம் என்று, மூவரும் கூடி அட்டை செய்கிற இந்த ஆறு வருடமாக ஆர்டிஸ் அதை மேசையில் ஏறவிட்டதில்லை.

“பென்சில் எந்த மையையும் கரைக்காது. கேளு, தரேன்.”

“குடு.”

“இன்னும் கொஞ்சம் மரியாதையா.”

“தயவுசெஞ்சு குடு, தாயே!”

மூவரும் குனிந்து தீட்டினர். பென்சில் கீற்றுகள் கம்பளி இழைகளைப் போலவே விழுந்தன. அதை ஆர்டிஸ் கவனித்தாள். மூன்றே முக்காலுக்கு இருபத்தெட்டும் முடிந்தன.

“அழுக்கான பன்னிரண்டை வால்ட்டோட சொந்தக்காரங்களுக்கு அனுப்பிடலாம்,” என்றாள் லோர்னா. “அவனையே சகிச்சுக்கிட்டவங்க, இதைச் சகிக்க மாட்டாங்களா?”

அட்டையின் பின்புறம் செய்தவர் பெயரெழுதுவது அவர்கள் வழக்கம். அந்தப் பன்னிரண்டை ஆர்டிஸ் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொன்றின் பின்னும் நேர்க்கோடு பிசகாமல் எழுதத் தொடங்கினாள்: ‘மை தவறியது என்னால். ஆர்டிஸ் ட்வெய்ட்.’

“பன்னிரண்டு தடவையுமா எழுதப் போற?” என்றாள் மார்லிஸ்.

“பன்னிரண்டு அட்டை இருக்கே.”

கடைசி உறையை ஒட்டும்போது தெருவில் வண்டி வந்து நின்ற ஓசை கேட்டது. ஆர்டிஸ் கோட்டைக்கூட மாட்டாமல், வீட்டுச் செருப்போடு, நாற்பது உறைகளையும் மார்போடு அணைத்தபடி பனியில் பாய்ந்தாள்.

ஜன்னலில் முகத்தை அழுத்திக்கொண்டு மார்லிஸ் கத்தினாள்: “லோர்னா, சீக்கிரம் வா! மை மட்டுமில்ல, ஆர்டிஸும் ஓடறாடி!”