தலைவர்மாருக்கு வீடில்லை

கொழும்பில் தலைமைத்துவமும் சமூகப் புத்தாக்கமும் படித்துவிட்டு வந்தேன். என் மனைவி நஸ்லின்தான் எனக்காக விண்ணப்பித்திருந்தாள். 'இயல்பிலேயே தலைமைப் பண்பு உள்ளவர்' என்று எழுதியிருந்தாள். பாரை மீனா சூரை மீனா என்று தீர்மானிக்க முடியாமல் சந்தையிலிருந்து வெறும் பையோடு திரும்பி வருகிறவன் நான். தெரிவாகிவிட்டேன் என்று அறிவித்தபோது அவள் உயிரோடு இல்லை. டெங்கு. வரவில்லை என்று சொல்வதற்கும் ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது. அதனால் போனேன்.

படித்தவர்கள் ஊருக்குத் திரும்பி இரண்டு நாள் பயிற்சி நடத்த வேண்டும். வந்தவர்கள் சேர்ந்து ஒரு பிரச்சினையைத் தீர்க்க வேண்டும். அதுதான் நிபந்தனை. எவ்வளவு பெரிய பிரச்சினை என்று கேட்டேன். சிறியதானாலும் பரவாயில்லை, உண்மையானதாக இருக்கட்டும் என்றார்கள்.

சாய்ந்தமருதில் ஒரு மண்டபம் கேட்டு வைத்திருந்தேன். பயிற்சிக்கு முதல் நாள் மாலை மஜீட் ஹாஜியார் வந்தார். மண்டபக் குழுவின் தலைவர். அடக்கம் செய்யும் மையவாடிக் குழுவுக்கும், மீனவர் சங்கத்துக்கும், விளையாட்டுக் கழகத்துக்கும், எனக்குத் தெரியாத இன்னும் சிலவற்றுக்கும் தலைவர். உள்ளே வரும்போது முன்கதவுக்குப் பின்னால் இருந்த என் பையில் தடக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மண்டபம் ஒரு கலியாணத்துக்குக் குடுத்தாச்சி."

"நான் போன மாசமே சொன்னேனே ஹாஜியார்."

"ஓம். அவன் நேத்துத்தான் சொன்னான். ஆனா அவன் அழுதான். நீங்க அழல்லயே."

நான் அழவில்லை என்பது உண்மை. அதனால் பயிற்சி வீட்டுக்கு வந்தது.

வீடு என்கிறேன். என்னுடையது அல்ல. எங்கள் பக்கத்தில் ஆண்களுக்கு வீடு கிடையாது. பிறந்த வீடு சகோதரிக்குச் சீதனமாகப் போய்விடும். பிறகு மனைவிக்குக் கிடைத்த வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். நான் பிறந்த வீடு மருதமுனையில் தங்கச்சியிடம் இருக்கிறது. இது நஸ்லினின் வீடு. முன்பக்கத்தில் நானும் நாலு வயது மகள் ஷிமாவும். பின்பக்கத்தில் மாமி ஹவ்வா உம்மாவும் நஸ்லினின் தங்கச்சி பஸ்மிலாவும்.

மாமா உயிரோடு இருந்திருந்தால் பஸ்மிலாவுக்கும் ஒரு வீடு எழும்பியிருக்கும். பக்கத்து வளவில் அத்திவாரம் போட்டவர், அதோடு மௌத்தாகிவிட்டார். அத்திவாரத்தில் இப்போது மாமியின் கோழிகள் குடியிருக்கின்றன.

பஸ்மிலாவுக்கு அக்கரைப்பற்றில் ஒரு மாப்பிள்ளை பொருந்தியிருந்தது. பெயர் அர்ஷாத். பேசி வந்தவரும் மஜீட் ஹாஜியார்தான். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையும் தாயும் வருகிறார்கள், வீடு கேட்கிறார்கள் என்று காதில் விழுந்தது. இருக்கும் வீடு ஒன்று. அதில் நான் இருக்கிறேன்.

என்னிடம் யாரும் சொல்லவில்லை. மாமி என்னோடு நேரே கதைப்பதில்லை. மருமகனோடு கதைக்க வெட்கப்படுகிற பழைய வழக்கம். நஸ்லின் இருக்கும்வரை அவள் ஊடாகக் கதைத்தார். இப்போது ஷிமா ஊடாக.

"ஷிமா, வாப்பாவச் சோறு தின்ன வரச் சொல்லுங்க."

நான் அங்கேயே நிற்பேன். ஷிமா என் பக்கம் திரும்பி, "வாப்பா, சோறு தின்ன வரட்டாம்" என்பாள்.

வீட்டை விட்டுப் போகச் சொல்லி நாலு வயதுப் பிள்ளையிடம் சொல்லி அனுப்ப முடியாது. அதனால் அந்தச் செய்தி வந்து சேரவில்லை. ஆனால் வரும். வந்தால் நான் தங்கச்சி வீட்டு விறாந்தைக்குப் போவேன். ஷிமா மாமியோடு இருப்பாள். விறாந்தையில் ஒரு பெண்பிள்ளையை வளர்க்க விடமாட்டார்கள். கொழும்பிலிருந்து கொண்டுவந்த பையை நான் இன்னும் பிரிக்கவில்லை. எப்படியும் திரும்பக் கட்ட வேண்டும்.

இருபது பேர் வந்தார்கள். பாண்டிருப்பிலிருந்து யசோதினி, பாலர் பாடசாலை ஆசிரியை. நாவிதன்வெளியிலிருந்து ஜதுசன், வயல் செய்கிறவன். மண்டபம் தராத மஜீட் ஹாஜியாரும் வந்திருந்தார். பஸ்மிலாவும் பெயர் கொடுத்தாள்.

"எப்பிடியும் உங்களுக்கெல்லாம் நான்தான் சோறாக்கணும் மச்சான். ஒரு சான்றிதழாவது கிடைக்கட்டும்."

முதல் நாள், தலைவர் இல்லாமல் ஒரு கோபுரம் கட்டும் பயிற்சி. கொழும்பில் இதை வெளிநாட்டு நூடில்ஸ் குச்சியால் கட்டினோம். இங்கே தென்னை ஈர்க்கில் கொடுத்தேன். உச்சியில் தொதல் இனிப்பில் ஒரு துண்டை வைக்க வேண்டும். குழுவில் யாரும் தலைவராக இருக்கக் கூடாது என்றேன்.

"தலைவர் இல்லாம ஆர் கூட்டத்த நடத்துற?" என்றார் மஜீட் ஹாஜியார்.

"யாரும் நடத்தத் தேவையில்ல ஹாஜியார். எல்லாரும் சேர்ந்து செய்யிற."

"சரி. யாரும் நடத்தத் தேவையில்ல எண்டத ஒரு தீர்மானமா எடுப்பம். ஆர் முன்மொழியிற?"

முன்மொழிந்தார்கள். வழிமொழிந்தார்கள். தீர்மானத்தை எழுத ஒரு செயலாளர் தேவைப்பட்டார். செயலாளரைத் தெரிவுசெய்ய ஒரு தற்காலிகத் தலைவர் தேவைப்பட்டார். வந்த இருபது பேரில் பதினான்கு பேர் ஏற்கெனவே ஏதோ ஒன்றுக்குத் தலைவர்கள். நேரம் முடிந்தபோது மேசையில் ஈர்க்கில் மட்டும் கிடந்தது. தொதலைக் காணவில்லை. மஜீட் ஹாஜியார் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உச்சியில வெக்கிறதுதானே பிரச்சினை," என்றார். "அதத் தீர்த்தாச்சி."

மதியம் கேட்டுப் பழகும் பயிற்சி. ஒருவருடைய பிரச்சினையை அவரைக் கேட்காமல் தீர்க்கப் பார்க்காதீர்கள், சம்பந்தப்பட்டவரிடம் நேரே கேளுங்கள் என்று சொன்னேன். சொல்லும்போது பின்பக்கத் திரைச்சீலைக்குக் கீழே மாமியின் கால்கள் தெரிந்தன. மாலைவரை அவை நகரவில்லை.

இரண்டாம் நாள் 'ஐந்து ஏன்'. எந்தப் பிரச்சினையானாலும் ஐந்து முறை ஏன் என்று கேட்டால் அடிவேர் வரும். ஜதுசன் யானையை எடுத்தான்.

"யானை ஊருக்குள்ள வருது. ஏன்? நெல்லுத் தின்ன. ஏன்? பசி. ஏன்? காடில்ல. ஏன்? நாங்க வெட்டிட்டம். ஏன்? நெல்லு விதைக்க."

ஜதுசன் ஐந்தாவது விரலை மடக்கினான்.

"அப்ப யானைக்கும் உங்களுக்கும் ஒரே வருத்தம்தான்," என்றார் மஜீட் ஹாஜியார். "ஒரு சங்கம் அமைக்கலாம்."

இந்த அறைக்குள் இருக்கிற ஒருவருடைய பிரச்சினையை எடுங்கள் என்று சொல்லிவிட்டு, ஷிமாவைக் கழுவிவிடப் போனேன். திரும்பி வந்தபோது பலகையில் என் பெயர் இருந்தது. ஒட்டுத்தாள்கள் கடற்காற்றுக்கு நிற்கவில்லை என்று பஸ்மிலா சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தாள்.

"இது என்ன?"

"பிரச்சினை, சேர்," என்றான் ஜதுசன்.

யசோதினி பாலர் வகுப்புக்கு வாசிப்பதுபோல் ஒவ்வொன்றாகத் தொட்டு வாசித்தார்.

"சியாம் சேர் கதவுக்குப் பின்னால இரிக்கிற பைய ஏன் பிரிக்கல்ல? வீட்ட விட்டுப் போகப்போறார். ஏன்? பஸ்மிலாக்கு வீடு குடுக்கணும். ஏன்? மாப்பிள்ள பக்கம் கேக்காங்க. அதுக்கு இவர் ஏன் போகணும்? இவருக்கெண்டு வீடில்ல. அஞ்சாவது: ஏன் இல்ல?"

"ஆம்புள," என்றாள் பஸ்மிலா.

ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"எங்கட பக்கமும் இதுதான்," என்றான் ஜதுசன். "நானும் மனிசிட வீட்டிலதான் இரிக்கன். போன மாசம் கோவிச்சிக்கிட்டு வெளிய போனன். போறதுக்கு இடமில்ல. வயலச் சுத்திட்டு வந்தன்."

"ஹாஜியார், உங்கட வீடு?" என்று யசோதினி கேட்டார்.

"அது என்ட பொஞ்சாதிட வளவு," என்றார் மஜீட் ஹாஜியார். குரல் இறங்கியிருந்தது. "வாசல் கேற்றில என்ட பேர் போட்டிரிக்கன்."

பதினான்கு தலைவர்கள். ஒருவருக்கும் வீடில்லை. ஹாஜியார்தான் முதலில் தெளிந்தார்.

"இதுக்கு என்னத்துக்கு இவ்வளவு ஏன்? பஸ்மிலாவ சியாம் தம்பிக்கே முடிச்சிக் குடுப்பம். வீடும் மிச்சம், மாப்பிள்ளையும் மிச்சம்."

"அக்கரைப்பற்று மாப்பிள்ளயக் கொண்டு வந்ததும் நீங்கதானே?" என்றாள் பஸ்மிலா.

"தலைவரெண்டா ரெண்டு திட்டம் வெச்சிருக்கணும் புள்ள."

"எனக்கு மச்சான் வேணா. நல்ல மனிசன். ஆனா கறிக்கு உப்புக் கூடினாலும் சொல்ல மாட்டார், குறஞ்சாலும் சொல்ல மாட்டார். நேத்து ராவு நான் உப்பே போடல்ல. ரெண்டு தரம் போட்டுத் திண்டார். நஸ்லின் ராத்தாதான் இவரோட காலம் தள்ளினா. எனக்கு ஏலா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். ஷிமா என் வாயைத் தொட்டுப் பார்த்தாள்.

பஸ்மிலா சிரிக்கவில்லை. "நேத்து நீங்க என்ன படிப்பிச்ச மச்சான்? சம்பந்தப்பட்டவங்கட்ட நேரே கேக்கச் சொன்னீங்க. மாப்பிள்ளட்ட ஆராவது கேட்டீங்களா? ஹாஜியார், போன் அடிங்க."

"பொம்புளப் புள்ள கேக்கிறதா? நிக்காஹ்கூட முடியல்ல!"

"நான் கேக்கல்ல. பயிற்சிதான் கேக்கிது."

ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் அப்படித்தான் படிப்பித்திருந்தேன். அவர் எண்ணை அழுத்தினார். பஸ்மிலா ஸ்பீக்கரைப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

"நான் பஸ்மிலா கதைக்கன்."

மறுபக்கத்தில் ஏதோ பாத்திரம் விழுந்தது.

"பக்கத்தில இருபது பேர் இரிக்காங்க. வெக்கப்படாமச் சொல்லுங்க. உங்களுக்கு எங்கட வீடு வேணுமா?"

"வீடா? நாங்க கேக்கல்லயே. வீடு ரெடியா இரிக்கி, வந்து இருக்கிறதுதான் பாக்கி எண்டு ஹாஜியார்தான் சொன்ன. உம்மா அதக் கேட்டுட்டு ஊரெல்லாம் சொல்லிட்டா. எனக்கு இஞ்ச குவாட்டர்ஸ் இரிக்கி…"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "ஆரோட கதைக்கிற மகன்?"

"பேங்க்ல இருந்து உம்மா."

தொடர்பு அறுந்தது.

"பொய் சொல்லிப் பழக்கமில்ல," என்றாள் பஸ்மிலா. "நல்லம்."

பிறகு எல்லாரும் மஜீட் ஹாஜியாரைப் பார்த்தார்கள்.

"என்ன பாக்கிறீங்க? அவங்க கேக்க முதல் நாங்க குடுக்கிறம் எண்டு சொன்னா உங்களுக்கு மரியாத. உங்களிட்ட வந்து அவங்க கேக்காங்க எண்டு சொன்னா அவங்களுக்கு மரியாத. எத்தின கலியாணம் இப்பிடித்தான் முடிச்சி வெச்சிரிக்கன்! ரெண்டு பக்கமும் வந்து உண்மையச் சொன்னா எந்தக் கலியாணம் நடக்கும்?"

திரைச்சீலை அசைந்தது. கீழே கால்கள் இல்லை.

பயிற்சி முடிந்தது. எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தேன். ஆனால் பிரச்சினை தீரவில்லை. அக்கரைப்பற்றில் மாப்பிள்ளையின் தாய் வீட்டைப் பற்றி ஊருக்கே சொல்லிவிட்டார். சொன்ன பிறகு வீடில்லாமல் கலியாணம் செய்தால் அவர் முகத்தை எங்கே வைப்பார்? அந்த இரவு நான் பையில் என்னுடைய இன்னும் இரண்டு சாரன்களை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் பையில் தடக்கினார். நிமிர்ந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். ஃபேனைப் போட்டு, நிறுத்தி, திரும்பப் போட்டார். அர்ஷாத் தரையைப் பார்த்தபடி இருந்தார். மஜீட் ஹாஜியார் ஃபேனைப் பார்த்தபடி இருந்தார்.

"நல்ல வீடு," என்றார் தாய். பிறகு என்னைக் காட்டி, ஹாஜியாரிடம், "இவர் எப்ப போறார்?"

ஹாஜியார் வாயைத் திறந்தார். அதற்குள் திரைச்சீலை விலகியது. மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடு அறைக்கு வந்தார். ஆண்கள் இருக்கும்போது அவர் அங்கே வந்து நான் பார்த்ததில்லை.

"இது மூத்தவட வீடு," என்றார். "அவ இல்ல. அவட மகள் இரிக்கா. மகள்ர வாப்பா இரிக்கார். அவர் எங்கயும் போகல்ல."

"அப்ப ஹாஜியார் சொன்ன வீடு?"

"அவர் பேச்சுக்குச் சொன்ன. எங்களிட்ட இரிக்கிறது அத்திவாரம். வாங்க, காட்டுறன்."

எல்லாரும் பக்கத்து வளவுக்குப் போனோம். மாப்பிள்ளையின் தாய் அத்திவாரத்தைச் சுற்றி நடந்தார். காலால் உதைத்துப் பார்த்தார். கோழிகள் விலகின.

"கோழியும் புள்ளைக்கா?"

"கோழி என்ட."

"முட்ட?"

மாமி யோசித்தார். "முட்டயப் பத்திக் கதைக்கலாம்."

"நான் வீடெண்டு சொல்லிட்டனே," என்றார் தாய். சுவரைத் தட்டிப் பார்த்தபோது இருந்த அதட்டல் இப்போது அவர் குரலில் இல்லை. "அத்திவாரமெண்டு போய்ச் சொல்லவா?"

அர்ஷாத் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். "அத்திவாரம் போதும் உம்மா. மிச்சத்த நான் கட்டுறன். அதுவரைக்கும் குவாட்டர்ஸ்ல இரிப்பம்."

"ஆம்புள வீடு கட்டுறதா? ஊரில என்ன சொல்லுவாங்க?"

மஜீட் ஹாஜியார் முன்னால் வந்தார். "சமூகப் புத்தாக்கமெண்டு சொல்லுவாங்க ராத்தா. கொழும்பில இதுக்குச் சான்றிதழே குடுக்காங்க. என்னட்டயும் ஒண்டு இரிக்கி."

தாய் அந்தச் சொல்லை இரண்டு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். ஊருக்குச் சொல்லக்கூடிய அளவு நீளமாக இருந்தது. "நல்ல அத்திவாரம்தான்," என்றார்.

அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஷிமா கோழிகளோடு வெளியே நின்றாள். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"மருமகன்."

ஷிமா எங்கே என்று திரும்பிப் பார்த்தேன்.

"உங்களத்தான். அந்தப் பைய உள்ளுக்கு எடுத்து வைங்க. ரெண்டு பேர் தடக்கிட்டாங்க. அடுத்த ஆள் விழுந்து கால முறிப்பார்."

"சரி மாமி."

மாமி போகவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கறிக்கு உப்புச் சரியா?"

"கூடிப்போச்சி," என்றேன். "கொஞ்சம்."

"ம்," என்றார். உள்ளே போனார். அடுப்படியில் பஸ்மிலா சிரிக்கும் சத்தம் கேட்டது.

பையைப் பிரித்தேன். மீதி ஒட்டுத்தாள்கள், சாரன்கள், கொழும்பில் போடாத ஒரு சட்டை. அலுமாரியில் நஸ்லினின் பக்கம் அப்படியே இருந்தது. என் பக்கத்தில் அடுக்கினேன். இடம் போதவில்லை. சட்டையை அவளுடைய பக்கத்தில் வைத்தேன்.