ஒரு சொட்டும் ஒழுகாத பொறி

மேற்கு மலை முடிகளைக் கார்முகில் போர்த்திக் கிடக்க, ஐந்தருவியின் முழக்கம் இலஞ்சி வயல்களைக் கடந்து தேய்ந்து வர, பொதிகைக் காற்றில் மிதந்த சாரல் தென்காசிக் கோபுரத்தையும் அதன் அடியில் ஒடுங்கிய ஓட்டுக் கூரைகளையும் ஒன்றுபோல் நனைத்துக்கொண்டிருந்த ஆனித் திங்கள் முற்பகல் அது. குளிக்க வந்தோரின் கூச்சல் நிறைந்த குற்றாலச் சாலையோரத்தில், பெலிக்சின் பட்டறை மட்டும், படிப்போரே, மூச்சடக்கிக் கிடந்தது.

மேடைமேல் இருந்தது இசக்கிமணியின் இருசக்கர வண்டிப் பொறி. நாற்பது நாள்களுக்கு முன், பழைய குற்றாலச் சாலையில் ஓடிக்கொண்டிருக்கையிலேயே அப்பொறி இறுகிப் பின்சக்கரம் நின்றுவிட, தூக்கி எறியப்பட்ட இசக்கிமணி அங்கேயே உயிர் நீத்தான். எதிரே கவிழ்த்த வாளிமேல் அமர்ந்திருந்தவள் அவன் மனைவி முத்துசெல்வி.

"பிரிச்சிப் பாத்து ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அண்ணாச்சி. வண்டியில கோளாறா, இல்ல அவுக வெரட்டுன வெரட்டுல நின்னுச்சா? 'எங்கன நின்னு கத அளக்கீக, வெரசா வாங்க'ன்னு அன்னைக்கு ஃபோன் போட்டு ஏசுனவ நான்தான். அதான் கேக்குதேன்."

பெலிக்ஸ் திருகாணிகளைக் கழற்றினான். பட்டறையார் கிராங்க் கேஸ் என்று வழங்கும் அடிப்பெட்டி, சிப்பியின் இரு ஓடுகள்போல் இரு பாதிகளாய்ப் பொருந்தி, சுழல்தண்டைத் தன்னுள் பொதிந்து காப்பது. அவசரக்காரன் இடுக்கில் திருப்புளியைச் செருகி நெம்பி அதன் விளிம்பைக் கெடுப்பான். இவனோ மரச்சுத்தியால், உறங்கும் மகவைத் தட்டுவதுபோல், சுற்றிச் சுற்றித் தட்டிப் பிரித்தான். பிரித்தும் தண்டை நோக்கும் துணிவு வரவில்லை. ஆகவே கைகளைப் பழக்கத்தின் போக்கில் விட்டான். அவை எண்ணெய் கசியாதிருக்க விளிம்பில் தடவிக் காய்ந்திருந்த பழம்பசையைச் சுரண்டித் தட்டில் தள்ளின. எண்ணெய்த் துளைகளைக் கம்பியால் குத்தி மண்ணெண்ணெயால் கழுவின. கம்பிமுனையில் வந்த சாம்பல்நிறப் பசைச்சுருள் ஒன்று தட்டில் விழுந்த பின்னரே, நீலம் பாய்ந்து கருகிய தண்டு அவன் கண்ணிற்பட்டது.

சாவுக்கு ஒரு வாரம் முன் இதே மேடையருகே நின்ற இசக்கிமணியின் சிரிப்பு செவியில் அறைந்தது.

"நின்ன எடமெல்லாம் வண்டி எண்ணெய்க் கோலம் போடுதுன்னு உங்க தங்கச்சி ஏசுதா அண்ணாச்சி!"

"இனி ஒரு சொட்டு வரட்டும்லே, என் மீசைய எடுத்துருதேன்!"

அந்த வாக்கைக் காக்கவே நூலளவு தடவ வேண்டிய பசையை விரலளவு அப்பிப் பெட்டியை மூடியிருந்தான் பெலிக்ஸ். மிகுந்த பசை உள்ளே பிதுங்கிக் காய்ந்து, எண்ணெய் வழியை அடைக்க, எண்ணெய் காணாத தண்டு வெந்து இறுகியிருந்தது.

"முத்துசெல்வி... தப்பு என்னுதும்மா. நான் அப்பி வச்ச பேஸ்ட்டு ஆயில் ஓட்டைய அடச்சிட்டு. உன் ஃபோனும் இல்ல, அவன் வேகமும் இல்ல."

அவள் எழுந்து வந்தாள். "எங்கன அடச்சிருக்கு? காட்டுங்க."

துளையோ கழுவிய கண்போல் தெளிந்திருந்தது. தட்டிலோ, அவனே சுரண்டிய பசைத்துணுக்குகள், ஒரே நிறமாய், நூறு கிடந்தன. ஒன்றை எடுத்தான். "இதுதான்... இல்ல, இது..."

"எல்லாம் ஒண்ணு போலத்தான அண்ணாச்சி கெடக்கு? எனக்காவ உங்க தலையில பழியப் போட்டுக்கிடாதீக. நீங்க பூட்டுன வண்டி ஒரு சொட்டு ஒழுகலன்னு, போன அன்னைக்குக் காலையிலகூட சொன்னாக."

"மாதா சத்தியமாச் சொல்லுதேன்!"

"ஆறுதலுக்குன்னு சாமியையும் இழுக்கீகளே. போதும். ஓடாட்டாலும் பரவால்ல, பூட்டிக் குடுத்துருங்க. பிரிச்சுப்போட்டபடி வீட்டுக்குக் கொண்டுபோவ எனக்குத் தெம்பில்ல."

முந்தானையைத் தலையில் இட்டுக்கொண்டு, வந்தபோது சுமந்த பழியை வந்தபடியே சுமந்து, அவள் சாரலில் இறங்கி நடந்தாள்.

பிழையை மறைத்தவனுக்காவது அது வெளிப்படும் நாள் என்று ஒன்று உண்டு. உரைத்தும் நம்பப்படாதவனுக்கு, அன்பரே, அதுவும் இல்லை. பெலிக்ஸ் நூலளவே பசை தடவி, இனி ஒருபோதும் சுழலாத அத்தண்டின்மேல் இரு பாதிகளையும் சேர்த்துப் பூட்டினான். எண்ணெயும் ஊற்றினான். ஒரு சொட்டும் ஒழுகவில்லை.