ரேகை வைக்க வந்தவர்

செத்து ஏழு மாதம் ஆன மாரப்பன், ஏரியூருக்கு மேற்கே உள்ள எங்கள் ஊர் ரேஷன் கடைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்து, மிஷினில் கட்டைவிரலை வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். மிஷினில் பச்சை விளக்கு எரிந்தது. அன்று துவரம்பருப்பு வரவில்லை, பாமாயில் மட்டும் இருந்தது.

அவர் வந்ததற்கு எங்கள் ஊர்ப் பழக்கமும் ஒரு காரணம். இந்தப் பக்கம் செத்தவர்களின் பேரைக் கார்டிலிருந்து யாரும் எடுப்பதில்லை. காரியத்துக்குப் பந்தல் போட ஓடுவார்கள், வாரிசுச் சான்றிதழுக்குப் பென்னாகரம் வரை அலைவார்கள், ரேஷன் கார்டு என்று வந்தால் மட்டும் 'இருந்துட்டுப் போவட்டும்' என்று விட்டுவிடுவார்கள். அரிசி குறையும் என்பது பாதிக் காரணம். நம் கையாலேயே பேரை அழிப்பதா என்பது மீதி. இப்படி நூறு வயதைத் தாண்டியும் கார்டில் திடமாக இருக்கிற ஆட்கள் ஊரில் ஏராளம். மாரப்பன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கும்போது நான்காவது மாடியிலிருந்து விழுந்து, ஆம்புலன்ஸில் ஊர் வந்து, ஊருக்கு வெளியே இருந்த சொந்தக் கொல்லையில் கடலைச் செடிகளுக்கு ஓரமாக அடக்கமானார். அவர் மனைவி ராஜாமணியும் எல்லோரும் செய்கிற தவறைத்தான் செய்தார். பிறகு ஒருநாள் அவர் மிஷினில் விரல் வைத்தபோது ரேகை விழவில்லை. பதினைந்து வருடம் புளி உடைத்துக் கொட்டை எடுத்த விரல்கள் அவை. புளி ரேகையைத் தின்று தின்று எல்லாம் வழவழவென்று ஆகியிருந்தன. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாகிவிட்டது. மகள் வெண்மதி பள்ளிக்கூட ஹாஸ்டலில் இருந்தாள். கடைக்கார கிருஷ்ணப்பன் சலித்துப்போய், "கார்டுல இருக்கிற வேற யாரையாச்சும் வரச் சொல்லுங்கக்கா" என்றார். கார்டில் வேறு யார் இருந்தது? மாரப்பன் வந்தார்.

அதன்பிறகு மாதாமாதம் வந்தார். முதல் மாதம் கூட்டம் சிதறி ஓடியது, இரண்டாம் மாதம் ஒதுங்கி நின்றது, மூன்றாம் மாதம் சர்க்கரை எடை குறைகிறது என்று கிருஷ்ணப்பனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. சாகும்போது போட்டிருந்த சிமெண்டு படிந்த சட்டையோடு வருவார், யாரையும் பார்க்க மாட்டார், ரேகை வைப்பார், போவார். வீட்டுப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. ஊருக்குப் பழகிவிட்டது. வெண்மதிக்குப் பழகவில்லை. லீவில் வந்தவள் கடை வாசலில் அவர் எதிரே போய் நின்று, "அப்பா" என்றாள். அவர் சுற்றிக்கொண்டு நடந்தார். சட்டையைப் பிடித்தாள், சிமெண்டுத் தூள்தான் கையில் வந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அதற்கடுத்த பல மாதங்களும், வகுப்பில் யாராவது பெஞ்சில் கட்டைவிரலை ஊன்றினால்கூட அவள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனாள்.

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியதும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நர்சிங் என்றார்கள், டீச்சர் வேலை என்றார்கள். அவள் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றாள். எங்கள் ஊரில் அதை எடுப்பவர்களுக்கு ஒரே காரணம்தான் உண்டு, பெங்களூரில் ஏசி ரூமில் வேலை. அப்பனைத் தின்ற ஊருக்கே மகளும் போகிறாளே என்று பேசினார்கள். ராஜாமணி கேட்டபோதுதான் அவள் உண்மையைச் சொன்னாள். "மிஷின் கூப்புட்டா வராரு. நான் கூப்புட்டா வரல. அது எப்படிக் கூப்புடுதுன்னு எனுக்குத் தெரியணும்மா." கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தில், இந்தப் பாடத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற இடத்திலும் இதையே எழுதினாள். படித்துப் பார்த்த பேராசிரியை சுசித்ரா, "ரெண்டாவது வருஷம் டேட்டாபேஸ் வரும், அப்பக் கேளு" என்று கையெழுத்துப் போட்டார்.

இரண்டாம் வருடம் கேட்டாள், மூன்றாம் வருடம் அவளுக்கே புரிந்தது. மிஷின் யாரையும் கூப்பிடுவதில்லை. விரலை வைத்தவர் கார்டில் இருக்கும் ஆள்தானா என்று மட்டும் பார்க்கிறது, அதற்கு அப்பன் என்றும் தெரியாது, பிணம் என்றும் தெரியாது. அப்படியானால் மாரப்பனைக் கூப்பிட்டது மிஷின் இல்லை. பெண்டாட்டி பத்து விரலையும் வைத்துவிட்டு வெறும் பையோடு நின்றாளே, அதற்குத்தான் மனுஷன் எழுந்து வந்திருக்கிறார். மூன்று வருடமாக ஒரு சொத்தை மிஷினைப் பார்த்துப் பொறாமைப்பட்டோமே என்று வெண்மதி ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள்.

அதற்குள் மாரப்பனும் தளர்ந்துவிட்டார். கொல்லையிலிருந்து கடைக்கு வர முன்பு கால் மணி நேரம் எடுத்தவர் இப்போது ஒரு மணி நேரம் எடுத்தார். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். கட்டைவிரல் தோல் தேய்ந்து ஏழு தடவை, எட்டு தடவை வைக்க வேண்டியிருந்தது. ராஜாமணி மகளுக்கு போன் செய்து, "போதும் கண்ணு. அந்த மனுசன வுட்டுடலாம்" என்றார். வெண்மதி பொங்கல் லீவில் வந்தாள். முதலில் அம்மாவைக் கடைக்குக் கூட்டிப் போய்க் கருவிழியைப் பதிய வைத்தாள். இனி விரல் வேண்டாம், கண்ணைக் காட்டினால் போதும். பிறகு மத்தியானம் லேப்டாப்பைத் திறந்து, பெயர் நீக்கம் என்ற இடத்தில் அப்பாவின் பேரை அவளே அடித்தாள். இறப்புச் சான்றிதழை ஏற்றினாள். ஓடிபி குடும்பத் தலைவரின் எண்ணுக்கு அனுப்பப்பட்டுள்ளது, பத்து நிமிடம் செல்லும் என்று வந்தது.

குடும்பத் தலைவரின் போனை, பிரியமான பொருள் என்று, பீடிக்கட்டோடு சேர்த்துக் குழிக்குள் வைத்திருந்தார்கள்.

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. கடைக்கு ஒரு மணி நேரம் நடந்த மாரப்பன் இரண்டே நிமிடத்தில் உள்ளே வந்து, கிட்டத்தில் கண் தெரியாதவர் போல போனைத் தூரப் பிடித்து, "நாலு, ஒன்னு, ஒன்னு, ஏழு, சைபரு, மூனு" என்றார். வெண்மதி அடித்தாள். ஆனால் சமர்ப்பிக்கவில்லை. ராஜாமணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், அவர் குடித்தார். இந்த முறை மகள் முகத்தை நேராகப் பார்த்து, "என்னா படிக்கிற கண்ணு?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டர் சயின்ஸுப்பா."

"கஷ்டமா?"

"கஷ்டந்தாம்ப்பா."

அவள் செமஸ்டரைப் பற்றிச் சொன்னாள், ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிச் சொன்னாள், கேட்காததையெல்லாம் சொன்னாள். சொல்லிக்கொண்டே இருந்தால் நேரம் நின்றுவிடும் என்பது போலச் சொன்னாள். திரையில் கடைசி நிமிடம் ஓட ஆரம்பித்தபோது, மாரப்பன் எட்டிப் பார்த்துவிட்டு, "அமுத்து சாமி, நேரமாவுது" என்றார்.

அமுத்தினாள். கோரிக்கை ஏற்கப்பட்டது என்று வந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். அப்போது எதிரே வந்தவர்கள் இரண்டு பேர். வேலைக்குப் போகிற நடை இல்லை அது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாகப் போனார் என்கிறார்கள்.