பழுது பார்க்க இயலாது

மெக்கானிக் கேட்டது ஒரே ஒரு பம்ப். உள்ளங்கையில் அடங்கிவிடும் சாமான். அதைக் கேட்டு ஒன்றரை வருஷமாகக் கடிதம் எழுதினார். எல்லாம் கிணற்றில் போட்ட கல்தான்.

அரசு ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் நான்கு பழைய மிஷின்கள் இருந்தன. சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்து திருப்பித் தருகிறவை. மெக்கானிக் அவற்றை அதட்டியும் கெஞ்சியும் பதினோரு வருஷம் ஓட்டிவிட்டார். ஒன்றின் கதவு பிளாஸ்திரியில் தொங்கியது. இன்னொன்று விலாவில் ஒரு தட்டு தட்டினால்தான் விழிக்கும். அவருடைய சொந்த அக்கா வாரம் மூன்று நாள் அதன் பக்கத்தில்தான் படுத்து உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இதுவும் உன்ன மாதிரிதான்டா. ஒண்ணு போட்டாதான் எந்திரிக்கும்" என்பாள்.

நான்கில் ஒன்று பம்ப் இல்லாமல் நின்றுபோனது. மற்ற மூன்றில் எல்லாரையும் அடைக்க வேண்டியிருந்ததால் ஆளுக்கு நான்கு மணி நேரம் மூன்றாகச் சுருங்கியது. அக்காவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது.

கடைசியில் தலைமை எழுத்தர்தான் வழி சொன்னார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. இத்தனை வருஷமாக எது நடக்கும், எது நடக்காது என்று பார்த்துச் சலித்தவர்.

"சின்ன சாமான் வாங்க இங்க பணமே ஒதுக்க மாட்டாங்க சார். புதுசுன்னா குடுப்பாங்க. அதுவும் பாதி ஓடுது, பாதி ஓடலன்னு எழுதினா எவன் குடுப்பான்? எல்லாமே போச்சுன்னு எழுதுங்க."

"ஓடுற மூணையுமா?"

"மூணையும்தான். தண்ணி சுத்தம் பண்ற பிளான்ட்டையும் சேத்துக்குங்க. எல்லாரும் இப்படித்தான் எழுதுறாங்க. இருமினாலும் உயிரு போற மாதிரி இருமணும். அப்பதான் மேல இருக்கிறவங்க காதுல விழும்."

மெக்கானிக் எழுதினார். நான்கு மிஷின், ஒரு பிளான்ட். ஐந்துக்கும் நேரே 'பழுது பார்க்க இயலாது' என்று போட்டுக் கீழே கையெழுத்திட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, பணம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. நான்கு மிஷினுக்குப் பதில் எட்டு. பேப்பரில் பெரிய எழுத்தில் போட்டார்கள். அக்கா வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "என் தம்பி எழுதினதுதான். ஒரே கடுதாசி, எட்டு மிஷினு."

பெட்டிகள் வந்து இறங்கின. அந்தத் திங்கட்கிழமை காலையே பழையதை ஏற்றிப் போக லாரியும் வந்து நின்றது. பழையதைக் கழித்தால்தான் புதியதைப் பதிவேட்டில் ஏற்றலாம் என்பது விதி. நான்கு மிஷின்களும் போயின. அடுத்து பிளான்ட்டின் குழாய்களைக் கழற்ற ஆரம்பித்தார்கள். மெக்கானிக் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

"அதை விடுங்கய்யா. சுத்தமான தண்ணி இல்லாம புதுசு ஒண்ணுகூட ஓடாது. புது பிளான்ட் எங்க?"

"அது வேற இலாகா. அவங்க ஃபைல் இன்னும் நகரல" என்றார் ஸ்டோர்கீப்பர். மடித்து வைத்திருந்த தாளை எடுத்து விரித்தார். "இது உங்க கையெழுத்துதானே?"

"நல்லா ஓடிட்டிருக்குய்யா அது."

"அப்ப நீங்க எழுதினது பொய்யா? அப்படின்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, இப்பவே நிறுத்துறேன். எட்டும் திரும்பிப் போயிடும். உங்க வேலையும் போகும். பரவால்லையா?"

குறுக்கே நீட்டியிருந்த கை தானாகக் கீழே இறங்கியது. பாழாய்ப்போன கை, ஐந்து முறை எழுதியபோது இப்படி இறங்கியிருக்கக் கூடாதா?

அன்றைய முறை அக்காவுக்குத் தவறிப்போனது. மெக்கானிக் பஸ்ஸில் ஐந்து மணி நேரம் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டதற்குப் பத்து நாள் கழித்து வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பிளான்ட் போன விஷயத்தை அவர் அவளிடம் சொல்லவில்லை. "ரெண்டு நாள் பொறுத்துக்கக்கா, புதுசு ஓட ஆரம்பிச்சிடும்" என்று மட்டும் சொன்னார். வேறு எதைச் சொல்ல அவருக்கு நா எழும்?

புதன்கிழமை திறப்பு விழா. கட்டிலில் ஒரு நோயாளி படுத்திருந்தால்தான் படம் நன்றாக வரும் என்றார் தலைமை எழுத்தர். யாரும் கேட்பதற்கு முன்னால் அக்காவே வந்து படுத்துவிட்டாள். முகம் உப்பி, மூச்சு வாங்கியது. ஆனாலும் தலை சீவி நல்ல புடவை கட்டியிருந்தாள். நர்ஸ் குழாயை அவள் கையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். ஊசி அப்புறம் என்றாள். மிஷினின் திரையில் பச்சை வெளிச்சம் எரிந்தது. மந்திரி வந்தார், ரிப்பன் வெட்டினார், அக்காவின் தோளில் கை வைத்துச் சிரித்தார். அரை மணியில் எல்லாரும் போய்விட்டார்கள். நாற்காலிகளைக்கூட அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

"தம்பி, ஊசி போடச் சொல்லுடா. நேரமாகுது."

மெக்கானிக் குனிந்து, மிஷினின் பின்னால் எதிலும் சேராமல் கிடந்த தண்ணீர்க் குழாயைச் சுருட்டி வைத்தார்.

"என்னடா, புதுசும் மக்கர் பண்ணுதா?" என்றாள் அக்கா. வீங்கிய கையைச் சிரமப்பட்டு நீட்டி, மிஷினின் விலாவில் ஒரு தட்டு தட்டினாள்.

மெக்கானிக் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னால் இன்னொரு முறை தட்டும் சத்தம் கேட்டது.