யாரும் தும்மாத மழைக்காலம்

எங்கள் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். "மழைக்காலம் முடியிறவரைக்கும் சளி, காய்ச்சல் எதுவும் அண்டக்கூடாது. நுரையீரல் தாங்காதும்மா" என்று சொல்லித்தான் டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார்.

என் கணவர் அப்போது மருந்து மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றில் கொள்முதல் பார்த்துவந்தார். முந்தைய மழைக்காலத்தில் வைரஸ் காய்ச்சல் ஊரையே படுக்கவைத்திருந்தது. அதை நம்பி, அதற்கான மாத்திரையைக் கிடங்கு கொள்ளாமல் வாங்கிப் போட்டிருந்தார். திருப்பி அனுப்ப முடியாத சரக்கு. மழைக்காலம் தாண்டினால் காலாவதியாகிவிடும், கூடவே அவருடைய நாற்காலியும் போய்விடும்.

ஊருக்குக் காய்ச்சல் வர வேண்டும், எங்கள் வீட்டுக்கு வரக்கூடாது. அப்படியொரு பிழைப்பு.

அந்தச் சரக்கைத் தள்ளிவிட, தினமும் மருந்துக்கடைகளை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். வாசலிலேயே சட்டையைக் கழற்றி வாளியில் போட்டு, முழங்கை வரை சோப்புத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் தொட்டில் பக்கம் வருவார்.

"என்னங்க, வியாபாரம் எப்படி?"

"படுத்துடுச்சு. ஒரு பய இருமல."

முகத்தைத் தொங்கப்போடப் பார்ப்பார். முகம் கேட்காது.

"சந்தோஷமா சொல்றீங்களே!"

"அழுதுக்கிட்டே சொன்னா மட்டும் இருமிடப் போறானுங்களா?"

ஒருநாள் ஒரு கடையில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்ற ஆளைப் பிடித்து, "கைக்குழந்தை இருக்கிற பக்கம் போயிடாதீங்க, கையை நல்லாக் கழுவுங்க" என்று பாடம் நடத்தியிருக்கிறார். கடைக்காரர் மேனேஜருக்குப் போன் போட்டுவிட்டார்.

"ஏன்யா, மாத்திரையை விக்கச் சொன்னா நோயே வராமப் பாத்துக்கிறியா? கம்பெனியை இழுத்து மூட நீ ஒருத்தன் போதும்யா!"

மேனேஜர் கத்தியதை எனக்கு அப்படியே நடித்துக் காட்டினார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் கிசுகிசுப்பாகவே கத்தினார்.

மழை விட்டது. காய்ச்சல் வரவே இல்லை. அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். காலாவதியான அந்தப் பெட்டிகளை அழிக்க அனுப்புவதுதான் முதல் வேலை.

"இனிமே வெளிய தூக்கிட்டுப் போகலாம்" என்று டாக்டர் சொன்ன அன்று, மகளை நேராக எங்கே கொண்டுபோனார் தெரியுமா? அந்தக் கிடங்குக்குத்தான். கூரை வரை பெட்டிகள்.

"பாத்துக்கடி தங்கம், அப்பன் வேலைக்கு வேட்டு வெச்சது இதுங்கதான்" என்று ஒரு பெட்டியைத் தட்டினார். தூசி கிளம்பியது. அவள் தும்மினாள்.

எனக்கு உயிர் போய்விட்டு வந்தது. அவரும் அப்படியே நின்றுவிட்டார். அவள் இன்னொரு தும்மல் போட்டுவிட்டு, பொக்கை வாயால் சிரித்தாள்.

"ஏய், பில்லு போடுங்கப்பா! சீசனோட மொத கிராக்கி வந்தாச்சு!"

அவர் போட்ட சத்தத்தில், லாரியில் சரக்கேற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கிடங்கிலிருந்தே ஓய்வு பெற்றார். குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. மகள் இப்போது என்னைவிட உயரம். நான் தும்மினால் அடுத்த அறையிலிருந்து குரல் வரும்:

"பில்லு போட்டுடவாம்மா?"